மணியம்மாள் கையில் ரங்கநாதன்

காகிதத்தில் ஆறு எழுத்துகள் இருந்தன. ரங்கநாதன்.

துப்பறியும் ராஜமாணிக்கம் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பட்டம் செய்கிற மெல்லிய காகிதம். எழுத்துகள் கோடுகளாக இல்லை. பென்சில் முனையால் வைத்த சின்னச் சின்னப் புள்ளிகள் சேர்ந்து எழுத்தாகியிருந்தன.

அவருடைய உதவியாளன் ஹனீப் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தான். பழவேற்காட்டுக்காரன். வாய் சும்மா இருந்தால் அவனுக்குத் தலைவலி வந்துவிடும்.

"எழுத்து நல்லாத்தான் கீது சார். பேரும் நல்ல பேரு. இதுல இன்னா கேசு?"

"அது என் பேரு இல்லையே!" என்று எதிரே இருந்தவர் மேசையில் ஒரு குத்து விட்டார். மைக்கூடு துள்ளி விழுந்தது.

அவர் பெயர் வீரராகவன். திருவள்ளூர்க்காரர். இரண்டு வருடமாக ஒரிசாவில் அணைக்கட்டு வேலையில் இருந்துவிட்டுப் போன வாரம்தான் ஊருக்குத் திரும்பியிருந்தார். பெட்டியை இறக்கி வைத்ததும் அவர் மனைவி மணியம்மாள் சிரித்துக்கொண்டே இடது கையை நீட்டினாள். முழங்கைக்குக் கீழே பச்சை குத்தியிருந்தது. அவர் குனிந்து படித்தார். ரங்கநாதன்.

"'யாரு பேருடி இது'ன்னு கேட்டேன் சார். 'யாருதா? உன்னுதுதான்'னு சிரிக்கிறா. 'பேரைச் சொல்லித்தான் குத்திக்கினேன்'னு மாரியாத்தா மேல சத்தியம் பண்றா. இந்தக் காகிதத்தைக் கை மேல வெச்சுக் காப்பி எடுத்தேன். அதுக்கும் நல்லா நீட்டிக் காட்டினா. அப்பவும் சிரிக்கிறா!"

"அவங்களுக்குப் படிக்கத் தெரியுமா?"

"தெரியாது."

"ரங்கநாதன்னு உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாராவது?"

"எதிர்ல சைக்கிள் கடை வெச்சிருக்கான் சார் ஒருத்தன். போய்ச் சட்டையைப் பிடிச்சேன்."

"சட்டை இன்னா சொல்லுச்சு?" என்றான் ஹனீப்.

"கிழிஞ்சுடுச்சு."

"பாவம், அதுக்கு ஒண்ணும் தெரியாது போல."

வீரராகவன் சிரிக்கவில்லை. அவர் கண்கள் சிவந்திருந்தன. தூங்கி எத்தனையோ நாளான கண்கள். மணியம்மாளைப் பொன்னேரியில் அவள் சித்தி வீட்டில் கொண்டுபோய் விட்டிருந்தார். வரும் வெள்ளிக்கிழமை இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் உட்காரப் போகிறார்கள். தாலியைத் திரும்ப வாங்கிக்கொண்டு உறவைத் தீர்த்துவிடுவது என்று அவருடைய அக்கா முடிவே செய்துவிட்டாள்.

"அக்கா முடிவு பண்ணிட்டாங்க. அப்புறம் எதுக்கு என்கிட்ட வந்தீங்க?" என்று கேட்டார் ராஜமாணிக்கம்.

வீரராகவன் கவிழ்ந்த மைக்கூட்டை நிமிர்த்தி வைத்தார். "அந்தச் சிரிப்புதான் சார். அது மட்டும் பொய்யாத் தெரியல."

ராஜமாணிக்கத்தையும் குடைந்தது அந்தச் சிரிப்புதான். தவறு செய்தவள் அந்தப் பெயரை அழியாத மையில் கையில் எழுதிக்கொண்டு, ஊர் திரும்பிய கணவனிடமே ஆசையாக நீட்டுவாளா? பெயரைச் சொல்லித்தான் குத்திக்கொண்டேன் என்கிறாள். சொன்னது ஒன்று, வந்தது வேறு. நடுவில் எங்கே மாறியது? அவர் மோவாயைத் தடவினார், மேசையைத் தட்டினார், எழுந்து நடந்தார். ஒன்றும் பிடிபடவில்லை.

"எங்க குத்திக்கிட்டாங்களாம்?"

"போன ஆடியில பொன்னேரிக்குச் சித்தி ஊட்டுக்குப் போனாளாம். அங்க சந்தைக்குப் பக்கத்துல ஒரு கடை கீதாம்."

"வாங்க, மூணு பேரும் போகலாம்."

கும்மிடிப்பூண்டி பாசஞ்சர் கரியைத் துப்பிக்கொண்டு வடக்கே ஓடியது. மீஞ்சூர் தாண்டும்போது ராஜமாணிக்கம் தன் ஊகத்தைச் சொன்னார்.

"பச்சை குத்துற கடையில முதல்ல பேரை ஒரு சீட்டுல எழுதிக்குவாங்க. அதைப் பார்த்துத்தான் குத்துவாங்க. ஒரே நேரத்துல ரெண்டு பொண்ணுங்க வந்திருந்தா, இவங்க சீட்டு அவங்களுக்கும் அவங்க சீட்டு இவங்களுக்கும் மாறியிருக்கலாம்."

"அப்போ பொன்னேரியில ஒரு ரங்கநாதன் தன் பொண்டாட்டி கையில 'வீரராகவன்'னு பார்த்துட்டு, அங்க ஒரு சைக்கிள் கடைக்காரனைத் தேடிக்கினு இருப்பாரு" என்றான் ஹனீப்.

வீரராகவன் முகத்தில் முதல் முறையாகக் கொஞ்சம் வெளிச்சம் வந்தது.

கடையைக் கண்டுபிடிக்கச் சிரமமே இல்லை. தகரப் பலகையில் கொட்டை எழுத்தில் 'சாலமோன் பாட்டரிப் பச்சை' என்று எழுதியிருந்தது. வாசலில் கண்ணாடிச் சட்டத்துக்குள் மாதிரிப் படங்கள்: தேள், மயில், வேல், சிலுவை, பிறையும் நட்சத்திரமும். வீரராகவனை எதிரே டீக்கடையில் உட்கார வைத்துவிட்டு மற்ற இருவரும் உள்ளே போனார்கள்.

ஒரே அறை. நடுவில் ஒரு பழைய புடவையைத் திரையாகக் கட்டியிருந்தார்கள். திரைக்கு இந்தப் பக்கம் ஆண்கள், அந்தப் பக்கம் பெண்கள். இந்தப் பக்கம் சாலமோன் ஒரு லாரி டிரைவரின் புஜத்தில் தேள் குத்திக்கொண்டிருந்தார். கையிலிருந்த யந்திரம் வண்டு மாதிரி ரீங்காரமிட்டது.

"தேளு குத்தினா ஊரைக் கூட்டுவாங்க. இங்க காத்திருந்து தேளைக் குத்திக்கிறாங்க" என்றான் ஹனீப். டிரைவர் சிரிக்கப் போக, தேளின் கொடுக்கு கோணலாகப் போகப் பார்த்தது.

"ஆடாதப்பா!" என்று அதட்டினார் சாலமோன்.

யந்திரம் எப்படி வேலை செய்கிறது என்று ராஜமாணிக்கம் கேட்டதுதான் தாமதம், சாலமோன் மலர்ந்துவிட்டார். அது வேறொன்றுமில்லை, மின்சார வாசல் மணியின் உள்ளிருக்கும் காந்தம்தான். பாட்டரியிலிருந்து மின்சாரம் பாய்ந்ததும் கம்பிச்சுருள் காந்தமாகி ஒரு இரும்புத் தகட்டைக் கீழே இழுக்கிறது. தகடு இறங்கியதும் மின்சாரம் வருகிற வழி அறுந்துபோகிறது. உடனே சுருள் காந்தமாக இருப்பதை விட்டுவிடுகிறது. ஒரு ஸ்பிரிங் தகட்டை மேலே தள்ளுகிறது. மேலே போனதும் மறுபடி வழி சேர்கிறது, மறுபடி இழுப்பு. தன்னைத் தானே நிறுத்தி, தன்னைத் தானே கிளப்பிக்கொள்கிற சாதனம். மணியில் அந்தத் தகடு கிண்ணத்தை அடிக்கும். இங்கே அதன் நுனியில் ஊசி கட்டியிருக்கிறது. அது தோலை அடிக்கிறது.

"கோடு அப்படியே ஓடும் சார். இழுத்த மாதிரி இருக்கும்."

"ஆனா இது புள்ளி புள்ளியா இருக்கே?" என்று ராஜமாணிக்கம் காகிதத்தை நீட்டினார்.

சாலமோன் பார்த்தார். "இது உள்ள குத்தினது. பொம்பளைங்க மிஷினுக்குப் பயப்படுவாங்க. எங்க ஊட்டுல கையாலயே குத்துவா. ஆனா எழுத்து என்னுது. இந்த 'நா'வோட சுழியைப் பாருங்க. நான் எழுதினதுதான்."

திரையை விலக்கிக்கொண்டு ஒரு பெண் வந்தாள். சாலமோனின் மனைவி ரோசம்மாள். மூன்று ஊசிகளை நூலால் இறுக்கிக் கட்டிய ஒரு குச்சி கையில் இருந்தது. அந்த நூல்தான் மையைப் பிடித்து வைத்துக்கொண்டு ஊசி முனைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விடும்.

"மை இன்னா மை அக்கா?" என்றான் ஹனீப்.

"விளக்கு மேல சட்டியைக் கவுத்தா கரி பிடிக்குமில்ல? அதைக் கரிசலாங்கண்ணிச் சாறு விட்டு அரைக்கிறது."

"கரி கறுப்பாச்சே. பச்சை எங்கேர்ந்து வருது?"

"தோலுக்கு அடியில போயிட்டா கறுப்பு பச்சையாத்தான் தெரியும். நரம்புல ஓடுறது செவப்பு ரத்தம்தானே, வெளிய பச்சையாத் தெரியல?"

ஹனீப் தன் முழங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டான். "அட ஆமா! கடைக்காரர் பேருகூட மறந்துட்டேன் பாரு. இன்னாக்கா அவரு பேரு?"

"போர்டுல எழுதிப் போட்டிருக்குல்ல நைனா? பார்த்துக்கோ."

ராஜமாணிக்கம் விஷயத்துக்கு வந்தார். போன ஆடி. திருவள்ளூர்ப் பெண். பெயர் மணியம்மாள்.

"தெரியும் சார்" என்றாள் ரோசம்மாள். "சித்தி ஊட்டுக்கு வந்திருந்துச்சே, நல்ல பொண்ணு. குத்தும்போது ஒரு பொட்டுக் கண்ணீர் விடல. அன்னிக்குப் பேய் மழை. அது ஒண்ணுதான் வந்துச்சு."

ராஜமாணிக்கத்தின் முகம் மாறியது. "வேற பொண்ணுங்க யாரும் வரலையா?"

"ஒரு ஈ, காக்கா வரல."

வேறு ஆளே இல்லையென்றால் சீட்டு எப்படி மாறும்? ரயிலில் கட்டிய கோட்டை அந்த மழையிலேயே கரைந்தது.

"அந்தப் பொண்ணு எந்தப் பேரைச் சொல்லிச்சு?"

"ரங்கநாதன்தான்" என்றார் சாலமோன் உறுதியாக. "அது சொன்னதைத்தான் எழுதினேன். சிலேட்டுல தப்பா எழுதினா துடைக்கலாம். தோலுல முடியுமா? ஒரு எழுத்து தப்பினா என் தொழிலே போச்சு. நான் எங்க வந்து சொல்லச் சொன்னாலும் இதைத்தான் சொல்லுவேன்."

வெள்ளிக்கிழமை பெரியவர்கள் முன்னால் இந்த ஒரு வாக்கியம் போதும். மணியம்மாள் வாழ்க்கை முடிந்தது. எதிரே டீக்கடையிலிருந்து வீரராகவன் இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

"துப்புக் கேட்டு வந்தோம். இங்க சாட்சியே கெடச்சுடுச்சு சார், தப்பான பக்கத்துக்கு" என்று ஹனீப் தாழ்ந்த குரலில் சொன்னான்.

அப்போது இரண்டு பெண்கள் கடைக்குள் நுழைந்து, ஆண்களைக் கண்டதும் திரைக்குப் பின்னால் ஓடினார்கள். ரோசம்மாளும் பின்னாலேயே போனாள். வளையல் சத்தம். அடக்கிய சிரிப்பு. பிறகு ரோசம்மாளின் குரல் தெளிவாகக் கேட்டது.

"உன் ஊட்டுக்காரர் பேருதானே? சொல்லு… ஏன் மூக்குத்தியைத் தொடுற? மூக்கா? இல்லையா? தங்கமா? ஆங், தங்கம். அப்புறம்? குத்துற மாதிரி காட்டுற. கத்தி? இல்ல. திருத்தணியா? புரிஞ்சுது, புரிஞ்சுது. இன்னாங்க! தங்கம் ஒண்ணு, வேலு ஒண்ணு!"

"சட்னி தனியா வேணுமான்னு கேளுங்க" என்றான் ஹனீப்.

சாலமோன் காதிலிருந்த பென்சிலை எடுத்துச் சீட்டில் 'தங்கவேல்' என்று எழுதி, ஒரு வார்த்தை பேசாமல் திரைக்கு அடியில் நீட்டினார். உள்ளே ஒரு கை அதை வாங்கிக்கொண்டது.

"பார்த்துக்கோம்மா, சரியா கீதா?"

"சரிதாங்க்கா."

ராஜமாணிக்கம் சட்டென்று எழுந்து நின்றார். "சாலமோன், எழுதின பேரை ஏன் சத்தமா படிச்சுக் காட்டல?"

"கடைத்தெருவுல ஒரு பொம்பளையோட புருசன் பேரைக் கூவுறதா? வெக்கப்பட்டுக்கினு எழுந்து போயிடுவாங்க சார். எங்க கடையில அந்தப் பழக்கமே இல்ல."

"ரோசம்மா, உங்க கையில இருக்கிற சீட்டைக் கொஞ்சம் படிங்க."

திரைக்குப் பின்னால் இருந்து ரோசம்மாள் சொன்னாள், "எனக்கு எங்க சார் படிக்கத் தெரியும்? எழுத்து அவரு வேலை. ஊசி என் வேலை. கோடு எப்படிப் போவுதோ அப்படியே குத்துவேன்."

"உங்க பக்கத்துல இருக்கிற அம்மாவுக்கு?"

"ஊஹூம்" என்றது இன்னொரு குரல்.

ஹனீப் வாயைப் பிளந்தான். "அப்போ ரெண்டு பேரும் சீட்டைப் பார்த்து எதுக்குச் 'சரி'ன்னு முடிச்சீங்க?"

"எழுத்து அழகா இருந்துச்சு" என்றது அந்தக் குரல்.

ராஜமாணிக்கத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஹனீப், கொஞ்சம் முன்னாடி நீ கடைக்காரர் பேரைக் கேட்டே. ரோசம்மா போர்டைக் காட்டினாங்க. நம்ம ரெண்டு பேருக்கும் உறைக்கல, பார்த்தியா? மணியம்மாள் 'பேரைச் சொன்னேன்'னு சத்தியம் பண்றாங்க. புருஷன் பேரை எந்தப் பொண்ணு வாய்விட்டுச் சொல்றா? சாடையா சொல்றதுக்குத்தான் அவங்க அகராதியில 'சொல்றது'ன்னு அர்த்தம்!"

"கல்யாணம் ஆகாத ஆளு துப்பறியப் போனா இப்படித்தான் சார். பாசஞ்சர்ல வந்துதான் இது தெரிய வேண்டியிருக்கு."

"கல்யாணமானவரு டீக்கடையில உட்கார்ந்திருக்காரு. அவருக்கே தோணலையேப்பா. சாலமோன், மணியம்மாள் விஷயத்துல உங்களுக்கு உள்ளேயிருந்து என்ன சாடை வந்தது?"

சாலமோன் நெற்றியைச் சுருக்கினார். "எத்தினியோ பேரு வந்தாச்சு சார். சாடையெல்லாம் எங்க ஞாபகம் இருக்கு? பேருதான் நிக்குது."

"இருங்க, எனக்கு ஞாபகம் கீது…" என்று ஆரம்பித்தாள் ரோசம்மாள்.

"வேணாம்மா, சொல்லாதீங்க! நீங்க சொன்னா, 'நீங்களே சொல்லிக் கொடுத்தது'ம்பாங்க. அவங்களையே கூப்பிட்டுக் கேட்போம். ஹனீப், சித்தி வீட்டுக்கு ஓடு."

மணியம்மாள் வந்தாள். நெடுநெடுவென்று இருந்தாள். முகம் வாடியிருந்தாலும் தலை நிமிர்ந்தே இருந்தது. யாரையும் பார்க்காமல் திரைக்குப் பின்னால் போனாள். அதற்குப் பிறகுதான் ராஜமாணிக்கம் வீரராகவனை அழைத்துவந்து, உதட்டில் விரல் வைத்து, திரைக்கு இந்தப் பக்கம் நிறுத்தினார். டிரைவரும் பாதித் தேளோடு எழுந்து நின்றார்.

"ரோசம்மா, அன்னிக்குக் கேட்ட மாதிரியே கேளுங்க."

"ஏம்மா, உன் ஊட்டுக்காரர் பேரு இன்னா?"

பாய் சரசரத்தது. திரைக்கு அடியில் நாலு விரல்கடை இடைவெளி இருந்தது. அதன் வழியே முதலில் ஒரு கால் தெரிந்தது, பிறகு இன்னொரு கால், பிறகு நீட்டிக்கொண்ட ஒரு புடவைத் தலைப்பு. மணியம்மாள் பாயில் ஒருக்களித்துப் படுத்துவிட்டாள்!

"இதேதான் சார்!" என்றாள் ரோசம்மாள். "அன்னிக்கும் இப்படித்தான் படுத்துக் காட்டிச்சு. 'எங்க ஊரு சாமி, பாம்பு மேல இப்படிப் படுத்துக்கினு இருப்பாரே'ன்னுச்சு. 'இன்னாங்க, ஊரு சாமி, பாம்பு மேல படுத்துக்கினு இருக்கிறவரு'ன்னு இவருக்குக் குரல் கொடுத்தேன்."

"ஆமா!" என்று சாலமோன் தொடையில் தட்டினார். "அதுல யோசிக்க இன்னா கீது? இந்தப் பக்கத்துல படுத்துக்கினு இருக்கிற சாமி நம்ம தேவதானத்து ரங்கநாதர்தானே? வருசா வருசம் அவரு திருவிழாவுலதான் நான் கடை போடுறேன்."

"ரோசம்மா" என்றார் ராஜமாணிக்கம், "அன்னிக்குக் கேட்காத ஒரே ஒரு கேள்வியை இன்னிக்குக் கேளுங்க. எந்த ஊரு சாமி?"

ரோசம்மாள் கேட்டாள். உள்ளேயிருந்து மணியம்மாளின் குரல் கோபமாகவே வந்தது.

"இது இன்னாக்கா கேள்வி? எங்க ஊருன்னா திருவள்ளூருதான். அமாவாசைக்கு அமாவாசை குளத்துல வெல்லம் கரைப்பமே, அந்தச் சாமி."

வீரராகவன் திரைக் கயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

"அய்யோ! ராத்திரியும் பகலுமா அவ சொன்னது நெசம்தானா?"

அந்தக் குரல் கேட்டதும் மணியம்மாள் எழுந்து திரையை ஒரே இழுப்பாக விலக்கினாள். "இங்கதான் நிக்கிறியா? சித்தி ஊட்டுல கொண்டாந்து விட்டதுலேர்ந்து என்கிட்ட ஒரு வார்த்தை பேசல. வேற எந்தப் பேருதான் கீது என் கையில?"

வீரராகவன் அந்தக் கையைச் சுட்டிக் காட்டினார்.

"அவங்க கையில எந்தப் பேரு இருக்குன்னு அவங்ககிட்ட நீங்க சொல்லவே இல்லையா?" என்று கேட்டார் ராஜமாணிக்கம்.

"அந்தப் பேரை என் வாயால எப்படி சார் சொல்றது!"

"சரியாப் போச்சு" என்றான் ஹனீப். "அவங்க ஒரு பேரைச் சொல்ல மாட்டாங்க, இவரு ஒரு பேரைச் சொல்ல மாட்டாரு. நடுவுல சைக்கிள் கடைக்காரர் சட்டை கிழியுது. ரங்கநாதன்னு எழுதியிருக்கும்மா!"

"ரங்கநாதனா?" மணியம்மாள் தன் கையைத் தூக்கிப் பார்த்தாள். பிறகு கணவனைப் பார்த்தாள். "எதிர்க் கடைக்காரரா? அந்தப் பல்லு நீட்டிக்கினு இருக்கிறவரா? அவருக்காகவா நான் அத்தினி குத்தைத் தாங்கிக்கினேன்னு நெனச்ச?"

வீரராகவன் தலை குனிந்து நின்றார். "தப்புதான் மணி. வெள்ளிக்கிழமை யாரும் உட்கார வேணாம். அக்காகிட்ட நானே சொல்லிக்கிறேன்."

"அது மட்டும் போதாது. அந்தச் சைக்கிள்காரருக்கு ஒரு சட்டை தெச்சுக் குடுத்துட்டு, நீயே வந்து சித்தி ஊட்டுல என்னைக் கூப்பிடு. அப்புறம் வரேன்."

அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். ஆனால் கவலை இன்னும் முழுதாகப் போகவில்லை. துப்பறிபவரைப் பக்கத்தில் இழுத்து, குரலைத் தாழ்த்தினார். "சார், எனக்குப் புரிஞ்சுடுச்சு. ஆனா பச்சையை அழிக்க முடியாதே. நாளைக்கு யாராவது படிச்சுட்டு இது யாருன்னு கேட்டா நான் இன்னா சொல்றது?"

ராஜமாணிக்கம் அந்தப் பட்டக் காகிதத்தை மடித்து அவர் கையில் கொடுத்தார்.

"நடந்ததை அப்படியே சொல்லுங்க. பாம்பு மேல படுத்திருக்கிற பெருமாள் ஒருத்தர்தான். திருவள்ளூர்ல அவருக்கு வீரராகவர்னு பேரு, தேவதானத்துல ரங்கநாதர்னு பேரு. உங்க மனைவி திருவள்ளூர் சாமியைக் காட்டினாங்க. பொன்னேரிக்காரர் தனக்குத் தெரிஞ்ச பேரை எழுதிட்டார். அந்தக் கையில இருக்கிறது உங்க பேருதான்."